வேலை போன திகதி

வேலையால் நிறுத்தப்பட்டு என் முன்னால் வந்து இருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது திகதியைத்தான். "கடைசியாக எந்த நாள் வேலை செய்தீர்கள்? இனி வரவேண்டாம் என்று எந்த நாள் சொன்னார்கள்?" அவர்கள் சொல்ல வருவது வேறு. பத்துப் பேர் பார்க்க முதலாளி ஏசியது, தராமல் வைத்திருக்கும் சம்பளம், கள்ளன் என்ற பழி, அடுத்த மாத வீட்டு வாடகை. அத்தனையும் கேட்பேன், ஆறுதலாக இருந்து கேட்பேன். ஆனால் திகதியை எழுதி வைத்த பிறகுதான். அநியாயமாக வேலை நீக்கப்பட்டவர் முறையிட பிரித்தானியாவில் இருக்கும் காலம் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. மார்ச் 10ஆம் திகதி வேலை போனால் ஜூன் 9 கடைசி நாள். ஜூன் 10ஆம் திகதி வருபவரிடம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நான் சட்டத்தரணி அல்ல. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்திலுள்ள முதியோர் இல்லமொன்றில் வேலை செய்துகொண்டே தொழிற்சங்கக் கிளையின் பிரதிநிதியாக இருந்தவள். ஒழுக்காற்று விசாரணைக்கு அழைக்கப்படும் தொழிலாளி தன்னோடு ஒரு சங்கப் பிரதிநிதியையோ சக ஊழியரையோ கூட்டிப்போகலாம் என்ற உரிமை 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அந்த உரிமையின் பேரில் மற்றவர்களுக்குப் பக்கத்தில் போய் இருந்து இருந்துதான் இந்த வேலையைப் பழகினேன். பிறகு ரிப்பிள் ரோட் கடைக்காரப் பெடியன்கள், லோங்பிரிஜ் ரோட்டில் குடியிருக்கும் பெண்கள் என்று சங்கத்தில் இல்லாதவர்களும் வரத் தொடங்கினார்கள். தொழில் தீர்ப்பாயத்தில் ஒருவருக்காகப் பேச சட்டத்தரணியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நண்பர் பேசலாம், சகோதரி பேசலாம். நான் காசு வாங்காமல் பேசுகிறேன்.

மூன்று மாதம் போதாதா என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கேட்பார்கள். எங்களுடைய ஆட்களுக்கு ஏன் போதாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும்.

பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்த ஒரு தம்பி. மூன்று வருடமாக அங்கேதான். ஒருநாள் விடியற்காலை கணக்கு முடிக்கும்போது கல்லாவில் 140 பவுண் குறைகிறது. முதலாளி வாட்ஸ்அப்பில் எடுத்து, இனி வராதே என்கிறார். விசாரணை இல்லை, கடிதம் இல்லை, கடைசி இரண்டு கிழமைச் சம்பளமும் இல்லை. அந்தத் தம்பி நான்காவது மாதத்தில் என்னிடம் வந்தார். "ஏனப்பன் இவ்வளவு நாள்?" என்று கேட்டேன். "அவர் எங்கட ஊர் ஆள் அக்கா. நான் வந்த புதுசில அவற்ற வீட்டிலதான் இருந்தனான். தீபாவளி முடிய அவரே கூப்பிடுவார் எண்டு இருந்திட்டன்."

இதுதான் நான் மறுபடி மறுபடி காணும் கதை. முதலாளி அந்நியர் இல்லை. ஊர்க்காரர், மனைவியின் சித்தப்பா, கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், வந்த புதிதில் படுக்க இடம் தந்தவர். அவர்மேல் வழக்குப் போட்டால் நாளைக்கு ஈஸ்ட்ஹாம் முருகன் கோயிலில் முகம் பார்க்க முடியுமா, வேறு எந்தத் தமிழ்க் கடையிலாவது வேலை கிடைக்குமா, அம்மாவுக்கு ஊரில் யாராவது போன் பண்ணிச் சொல்வார்களா என்று யோசிக்கிறார்கள். இடையில் ஒரு மாமா சமரசம் பேசப் புறப்படுகிறார். "அவசரப்படாதேங்கோ, நான் கதைச்சுத் தாறன்" என்கிறார். அவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் கதைத்து முடிவதற்குள் மூன்று மாதம் கழிந்துவிடும். சமரசம் நடக்கிறது என்பதற்காகச் சட்டம் காத்திருக்காது. குறித்த காலத்துக்குள் முறையிடுவது நியாயமாகப் பார்த்தால் சாத்தியமே இல்லாமல் இருந்தது என்று நிரூபித்தால்தான் தீர்ப்பாயம் தளர்வு தரும். சட்டம் தெரியாது, முதலாளியை நம்பி இருந்தேன் என்ற விடைகளை அனேகமாக ஏற்பதில்லை. இனம், பால், சமயம், உடற்குறை போன்ற பாகுபாட்டு முறைப்பாடுகளில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நெகிழ்வார்கள்.

இன்னொரு காரணம் ஊரிலிருந்தே கூட வந்தது. இலங்கையில் 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு சுமார் 40,000 பேரை ஒரேயடியாக வேலையிலிருந்து தூக்கியது. என் தலைமுறையில் அந்தக் கதை தெரியாத அரசாங்க உத்தியோகக் குடும்பம் குறைவு. மேலே இருப்பவன் நீக்கினால் நீக்கினதுதான் என்ற எண்ணம் எங்களுக்குள் அப்படி ஊறியிருக்கிறது. அதே இலங்கையில் தொழில் நியாயசபை இருந்தது, வேலை திரும்பப் பெற்றவர்களும் இருந்தார்கள் என்பது மறந்துபோகிறது.

பிரித்தானியாவிலும் இந்தப் பாதுகாப்பு பழையது அல்ல. 1972க்கு முன் முன்னறிவித்தல் காலத்துச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு எவரையும் எக்காரணத்துக்கும் அனுப்பலாம். 1971ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம்தான் நியாயமான காரணமும் நியாயமான நடைமுறையும் வேண்டும் என்று முதலில் சொன்னது. இன்று அது 1996ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

அதில் பெரிய தடை இரண்டு வருட விதி. 2012 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் இரண்டு வருடம் முடித்திருந்தால்தான் பொதுவான அநியாய நீக்க வழக்குப் போடலாம். ஒரு வருடம் பதினொரு மாதத்தில் நீக்கப்பட்டவர்கள் வந்து இருக்கும்போது எனக்குக் கோபம் வரும். அந்தக் கணக்கைத் தெரிந்தே செய்யும் முதலாளிகள் இருக்கிறார்கள். 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய வேலை உரிமைச் சட்டம் இதை ஆறு மாதமாகக் குறைக்கிறது, 2027 ஜனவரி 1 முதல். முதல் நாளிலிருந்தே உரிமை என்றுதான் தொழிற்கட்சி வாக்குறுதி தந்தது. பிரபுக்கள் சபையோடு இழுபட்டு ஆறு மாதத்தில் வந்து நின்றது. முறையிடும் காலத்தையும் மூன்று மாதத்திலிருந்து ஆறாக நீட்ட அதே சட்டம் இடம் தருகிறது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வரும்வரை பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு.

இரண்டு வருடம் இல்லையென்று சொன்னவுடன் எழுந்து போகிறவர்களைக் கையைப் பிடித்து இருத்தவேண்டியிருக்கிறது. கர்ப்பமாக இருப்பதற்காக நீக்கினால் முதல் நாளிலேயே வழக்கு உண்டு. சம்பளத் துண்டு கேட்டதற்காக, அடிப்படைச் சம்பளம் கேட்டதற்காக, விடுமுறைப் பணம் கேட்டதற்காக, சங்கத்தில் சேர்ந்ததற்காக, ஆபத்தான வேலைமுறையைச் சுட்டிக்காட்டியதற்காக நீக்கினாலும் அப்படியே. பொருட்கிடங்கில் பொதி கட்டும் வேலை செய்த ஒரு பிள்ளை, சேர்ந்து ஐந்தாவது மாதம் தான் பிள்ளைத்தாய்ச்சி என்று மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்பினாள். அடுத்த கிழமை அட்டவணையில் அவள் பெயர் இல்லை. கேட்டதற்கு வேலை குறைந்துவிட்டது என்றார்கள். அதே கிழமை புதிதாக இரண்டு பேரை எடுத்திருந்தார்கள். அவள் அனுப்பிய செய்தியும் அந்த இரண்டு அட்டவணைகளின் படமும் போனில் இருந்தன. வழக்கு தீர்ப்பாயம் வரை போகவே இல்லை. முறையிட்ட ஒரு மாதத்துக்குள் அவர்கள் நட்டஈடு தர ஒத்துக்கொண்டார்கள். சங்கத்தில் இருந்ததற்காகவோ முறைகேட்டை வெளியே சொன்னதற்காகவோ நீக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. வழக்கு முடியும்வரை சம்பளம் தொடரவேண்டும் என்று இடைக்கால உத்தரவு கேட்கலாம். அதற்கு ஏழு நாள்தான். அந்த ஏழு நாளுக்குள் என்னிடம் வந்து சேருபவர் மிகவும் குறைவு.

முன்னறிவித்தல் வேறு கணக்கு. ஒரு மாதம் வேலை செய்திருந்தாலே ஒரு வார முன்னறிவித்தலுக்கு உரிமை உண்டு. இரண்டு வருடத்துக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு வாரம், 12 வாரம் வரை. "நாளைக்கு வராதே" என்று அனுப்பினால் அந்த வாரங்களின் சம்பளத்தை ஒப்பந்த மீறல் என்று கேட்கலாம், இரண்டு வருடம் இல்லாவிட்டாலும். பாரிய குற்றம் செய்தவருக்குத்தான் முன்னறிவித்தல் இல்லை.

"என்னட்ட கொன்ராக்ட் இல்லை அக்கா" என்பது அடுத்த கவலை. எழுத்தில் இல்லாவிட்டாலும் வேலை செய்து சம்பளம் வாங்கினால் ஒப்பந்தம் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல், வேலை தொடங்கும் நாளிலேயே நிபந்தனைகளை எழுத்தில் தரவேண்டியது முதலாளியின் கடமை. தராதது அவர் பிழை. நான் சாட்சியங்களைத் தேடும் இடங்கள் மிகச் சாதாரணமானவை. வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் குழுவில் வரும் வேலை அட்டவணை, விடியற்காலை ஒயிஸ்ரர் கார்ட் தட்டிய பதிவு, கடைச் சீருடையோடு எடுத்த படம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை எடுத்துவிடுவதற்கு முன் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். முதலாளி உங்களைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளை, கமராப் பதிவு உட்பட, தரச்சொல்லித் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இலவசமாகக் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். கமராப் பதிவு விரைவில் அழிந்துபோகும் என்பதால் அந்தக் கடிதத்தை நான் முதல் நாளே எழுத வைப்பேன்.

கல்லாக் குறைவு விஷயத்தைத் தனியே சொல்லவேண்டும், அவ்வளவு பேர் அதில் அடிபட்டிருக்கிறார்கள். பெற்றோல் அடித்துவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடும் கார்களின் பணத்தைக் கஷியரின் சம்பளத்தில் வெட்டுவது வழக்கமாகவே நடக்கிறது. முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்காமல் அப்படி வெட்ட முடியாது. சம்மதம் இருந்தாலும் சில்லறைக் கடை வேலைகளில், கடைசிச் சம்பளம் தவிர்த்து, ஒரு தடவைக்கு மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. களவு என்று சொல்லி நீக்கினால், 1978இல் பிரிட்டிஷ் ஹோம் ஸ்ரோர்ஸ் வழக்கில் வகுத்த மூன்று கேள்விகளை இன்றும் தீர்ப்பாயம் கேட்கிறது. முதலாளி உண்மையிலேயே அப்படி நம்பினாரா? நம்புவதற்கு நியாயமான ஆதாரம் இருந்ததா? நீக்குமுன் தகுந்த விசாரணை செய்தாரா? களவை நீதிமன்றத்தில்போல நிரூபிக்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஆனால் விசாரிக்காமலேயே முடிவெடுத்தவர் மூன்றாவது கேள்வியில் விழுந்துவிடுவார். அந்தப் பெற்றோல் செட் தம்பியின் வழக்கு இந்தக் கேள்வியிலேயே வென்றிருக்கும். திகதி கடந்துவிட்டது.

சில முதலாளிகள் நீக்கவே இல்லை என்பார்கள். "அவனாத்தான் வேலைக்கு வரேல்ல" என்று ஏகாஸ் சமரச அமைப்பின் அதிகாரியிடம் சொல்வார்கள். ஆகவே வாய்ச்சொல்லில் நிறுத்தினால் அன்றைக்கே ஒரு செய்தி எழுதுங்கள். "இன்று என்னை வேலையிலிருந்து நிறுத்தியதாகச் சொன்னீர்கள். காரணத்தை எழுத்தில் தாருங்கள்." தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, பிறகு மொழிபெயர்க்கலாம்.

விசா உள்ளவர்களின் பயத்தை நான் இலேசாக எடுப்பதில்லை. அனுமதியில்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 2024 பெப்ரவரியிலிருந்து முதல் தடவைக்கே ஒருவருக்கு 45,000 பவுண் வரை தண்டம். அதனால் விசா முடியும் திகதி நெருங்கியதும் பயந்துபோய் நீக்கிவிடுகிறார்கள். ஆனால் முடியுமுன் புதுப்பிக்க விண்ணப்பித்தவரின் பழைய அனுமதி, முடிவு வரும்வரை அதே நிபந்தனைகளோடு தொடரும். 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு அதைச் சொல்கிறது. ஹோம் ஒஃபிஸின் சரிபார்ப்புச் சேவையிடம் கேட்டால் முதலாளிக்கு உறுதிப் பத்திரம் தருவார்கள், அது ஆறு மாதம் அவரைத் தண்டத்திலிருந்து காக்கும். இப்படியான ஒரு வழக்கு எங்கள் பக்கத்திலேயே நடந்தது. டொமினோஸ் பெயரில் கடை நடத்திய ஈஸ்ட் லண்டன் பீட்சா என்ற கம்பனி, அனுமதி முடியும் நாளில் ஒரு ஊழியரை நீக்கியது. அவர் விண்ணப்பித்ததற்கான ஆதாரத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார், இணைப்பைத் திறக்க முடியவில்லை. மேன்முறையீடு செய்யவும் இடம் கொடுக்கவில்லை. முதல் தீர்ப்பாயம் கம்பனி பக்கம் நின்றது. 2018இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மாற்றியது. மேன்முறையீட்டுக்கு இடம் கொடுத்திருந்தால் அவர் தன் உரிமையைக் காட்டியிருப்பார், உண்மை தெரிந்த பிறகு திரும்ப எடுத்திருக்கலாம் என்றது. விசா கேள்வியில் நீக்கப்படும் ஒவ்வொருவரையும் உடனே எழுத்தில் மேன்முறையீடு கேட்கச் சொல்வது இதனால்தான். சொந்த விசா நிலை பற்றிய ஆலோசனைக்கு மட்டும் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் போகவேண்டும். அதில் நான் வாயைத் திறப்பதில்லை.

வழக்கு நேரே தீர்ப்பாயத்துக்குப் போகாது. 2014 முதல் ஏகாஸ் என்ற சமரச அமைப்புக்கு முதலில் அறிவிப்பது கட்டாயம். மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்ற எல்லை இந்த அறிவிப்புக்குத்தான். அறிவித்ததும் சமரசக் காலத்துக்கு நாட்கணக்கு நின்றுவிடும். ஏகாஸ் அதிகாரி இரண்டு பக்கமும் கதைப்பார். எனக்கு இந்தக் கட்டம் பிடிக்கும். ஊர்க்கார முதலாளியோடு முகம் கொடுத்துக் கதைக்க முடியாதவருக்கு இடையில் ஒரு மூன்றாம் ஆள் கிடைக்கிறார். மாமா செய்யப் புறப்பட்ட சமரசத்தையே இவர் செய்கிறார், உரிமையை இழக்காமல்.

ஒன்றில் கவனம். கடையின் பெயர்ப்பலகையில் இருப்பது ஒரு பெயர், சம்பளத் துண்டில் வேறு கம்பனி, வங்கியில் பணம் போட்டது இன்னொன்று. யாருக்கு எதிராக முறையிடுகிறோம் என்பது சரியாக இருக்கவேண்டும். கம்பனிப் பதிவகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

சமரசம் முறிந்தால் விண்ணப்பம், முதலாளியின் பதில், பிறகு காத்திருப்பு. ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும். விசாரணை நேரில் நடந்தால் கிளோவ் கிரெசண்டில் உள்ள கிழக்கு லண்டன் விசாரணை மையத்துக்குப் போகவேண்டும். பார்க்கிங்கிலிருந்து வெஸ்ட் ஹாமிலும் கேனிங் டவுனிலும் மாறி ஈஸ்ட் இந்தியா நிலையத்தில் இறங்குவோம். கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்கள் எங்கள் பக்கத்துச் சரக்கைக் கொண்டுவந்து இறக்கிய துறை அது. அங்கே எங்கள் பிள்ளைகள் சம்பளம் கேட்டு நிற்பதைக் காணும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது நெஞ்சில் படும். நீதிபதி விக் போடுவதில்லை, அங்கி இல்லை. சாதாரண அறை, சாதாரண மேசை. தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாக ஒழுங்குசெய்யும், முன்கூட்டிக் கேட்டிருக்கவேண்டும். கீதையிலோ பைபிளிலோ குர்ஆனிலோ சத்தியம் செய்யலாம், சமயம் இல்லாமல் உறுதிமொழியும் எடுக்கலாம். தோற்றால் மற்றவருடைய சட்டத்தரணிச் செலவைக் கட்டவேண்டி வருமோ என்று பயப்படுவார்கள். சாதாரணமாக இங்கே அப்படி இல்லை, வீணாகவோ வேண்டுமென்று தொல்லை கொடுக்கவோ வழக்காடினால்தான்.

இப்போது கட்டணமும் இல்லை. 2013 ஜூலை முதல் நான்கு வருடம் அநியாய நீக்க வழக்கொன்றை விசாரணை வரை கொண்டுபோக 1,200 பவுண் கட்டவேண்டியிருந்தது. அதே வருடம்தான் பெரும்பாலான வேலை வழக்குகளுக்குச் சட்ட உதவிப் பணமும் நின்றது. வேலை இழந்தவரிடம் 1,200 பவுண்! வழக்குகள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுந்தன. யூனிசன் சங்கம் விடாமல் வழக்காடி, 2017 ஜூலை 26இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணம் சட்டவிரோதம் என்று தீர்த்தது. கட்டியவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது. கட்ட முடியாமல் வழக்கையே போடாதவர்களுக்கு என்ன திரும்பி வரும்? அவர்களில் சிலரை நான் இன்றும் வீதியில் காண்கிறேன்.

வென்றால் கிடைப்பது கோடி அல்ல. 45 வயதில், ஆறு வருடம் வேலை செய்து, வாரம் 480 பவுண் வாங்கியவருக்கு அடிப்படை நட்டஈடு எட்டு வாரச் சம்பளம், 3,840 பவுண். 41 வயதுக்குப் பிந்திய வருடங்களுக்கு ஒன்றரை வாரமும் அதற்கு முந்தியவற்றுக்கு ஒரு வாரமும் என்று கணக்கு. அதற்கு மேல், வேறு வேலை கிடைக்கும்வரை இழந்த சம்பளம். முதலாளி ஏகாஸ் நடைமுறைக் கோவையை நியாயமின்றி மீறியிருந்தால் 25 வீதம் வரை கூட்டலாம். நீங்கள் வேறு வேலை தேடியிருக்கவேண்டும், தேடிய ஒவ்வொரு விண்ணப்பத்தையும் வைத்திருக்கவேண்டும். வேலையைத் திரும்பத் தரும்படியும் கேட்கலாம், தீர்ப்பாயம் அப்படி உத்தரவிடுவது அபூர்வம்.

தீர்ப்புக் கிடைத்தும் காசு கிடைக்காமல் போவது என்னை எல்லாவற்றிலும் அதிகமாக வாட்டுகிறது. 2013இல் அரசாங்கமே செய்த ஆய்வில், வென்றவர்களில் பாதிப் பேருக்கும் சற்றுக் குறைவாகத்தான் முழுத்தொகை கிடைத்திருந்தது. மூன்றில் ஒருவருக்கு ஒரு சதமும் இல்லை. கம்பனியைக் கலைத்துவிட்டு அதே கடையை வேறு பெயரில் திறப்பது பழக்கமான தந்திரம். கலைக்கப்போவதாக அரச வர்த்தமானியில் அறிவித்தல் வந்ததும், எனக்கு இவரிடம் வழக்கு இருக்கிறது என்று கம்பனிப் பதிவகத்தில் ஆட்சேபிக்கலாம். அதற்காக முறையிட்ட நாளிலேயே அந்தக் கம்பனியின் பெயரைப் பதிவகத்தில் இலவச அறிவித்தலுக்குப் பதிந்து வைப்பேன். கம்பனி உண்மையாகவே முறிந்துபோனால் சம்பள நிலுவையில் எட்டு வாரம் வரையிலும், முன்னறிவித்தல் பணம், அடிப்படை நட்டஈடு ஆகியவற்றையும் தேசிய காப்புறுதி நிதியத்திடம் கேட்கலாம். உச்சவரம்பு உண்டு, ஆனாலும் கிடைக்கும்.

பார்க்கிங்கிலும் இல்ஃபோர்டிலும் கடை நடத்தும் எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஒருவரை வேலையால் நிறுத்தவேண்டிய நிலை உண்மையாகவே வரலாம். அப்போது குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், துணைக்கு ஒருவரோடு வரச்சொல்லுங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள், முடிவை எழுதுங்கள், மேன்முறையீட்டுக்கு இடம் விடுங்கள். சட்டம் உங்களிடம் கேட்பது இதைத்தான். நீங்கள் ஊரிலிருந்து கூப்பிட்டு வேலை கொடுத்தது பெரிய உதவி. அந்த உதவியைக் காட்டி ஒருவரின் கூலியைப் பிடித்து வைக்கவேண்டாம்.

வேலை இழந்தவர்களுக்கு: ஏகாஸின் தொலைபேசி 0300 123 1100. ஆலோசனை இலவசம். ஆங்கிலம் கதைக்கத் தயங்கினால் பிள்ளையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அருகில் வைத்துக்கொண்டு இன்றைக்கே எடுங்கள். மாமா கதைக்கட்டும், அது ஒரு பக்கம் நடக்கட்டும். நீங்கள் திகதியை எழுதிவைத்து, அந்த அழைப்பை எடுத்துவிடுங்கள்.